கோடு முடிந்ததும் ஒரு பத்து நிமிடம்: குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இரவு இரண்டே முக்கால். வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடிவந்த குழந்தைக்கு ரெட் ஸோனில் (உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவர்களைப் பார்க்கும் இடம்) இதயம் நின்றுபோய், முப்பத்தைந்து நிமிடம் ஆள் மாற்றி ஆள் அழுத்தி, கடைசியில் டியூட்டியிலிருந்த மூத்த டாக்டர், அதாவது அசிஸ்டென்ட், கடிகாரத்தைப் பார்த்து இறந்த நேரம் சொல்லிவிட்டார். நின்ற இதயத்தை ஓட வைக்க நடக்கும் இந்த முயற்சியைத்தான் 'கோடு' என்கிறோம். அப்புறம் என்ன நடக்கும்? ஒருவர் கை கழுவப் போவார். பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) கேஸ் ஷீட்டை இழுத்து வைத்து எழுத ஆரம்பிப்பார். சிஸ்டர் காலி ஆம்பூல்களை எண்ணி டிராலியை நிரப்புவார், சி.ஆர்.ஐ. (பயிற்சி டாக்டர்) எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக நிற்பார், அதற்குள் அடுத்த குழந்தை மூச்சிரைப்போடு வாசலுக்கு வந்திருக்கும். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து கேன்டீனில் மட்டும் பேச்சு வரும்: "அன்னிக்கு நைட்டு அட்ரினலின் லேட்டாச்சாமே, யாரு டியூட்டி?"

அந்தக் கேன்டீன் பேச்சும் ஒருவகை டீப்ரீஃபிங்தான், அதாவது நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துப் பேசுவது. தப்பான இடத்தில், அங்கே இல்லாத ஆட்கள், சம்பந்தப்பட்டவரின் முதுகுக்குப் பின்னால் நடத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதையே அன்றைக்கே, அங்கேயே, அதே ஆட்களோடு, கடிகாரம் பார்த்துப் பேசி முடிப்பது எப்படி என்று எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சில மருத்துவமனைகளின் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான், அதனால் உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும்.

முதலில், இது எது இல்லை

இது இறப்புத் தணிக்கை இல்லை. அதற்குத் தனிக் கமிட்டி, தனிப் படிவம், தனி நாள் இருக்கிறது. விசாரணையும் இல்லை. யாராவது "யார் மேல தப்பு" என்று ஆரம்பித்தால் அந்த நிமிடமே இது செத்துவிடும், அடுத்த முறை கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

கவுன்சலிங்கும் இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல மனத்தோடு செய்கிற தப்பு இது. 1983இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களை மனத்தில் வைத்து ஒரு முறையை எழுதினார்: கோரமான சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்து, என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், என்ன உணர்ந்தாய் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே அமர்வில் இப்படி மனத்தைக் கிளறிவிடுவது பின்னால் வரக்கூடிய மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது தெரியவந்தது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் அதை வேண்டாம் என்றே சொல்கின்றன. அதனால், அழுது முடிக்காத ஒரு சி.ஆர்.ஐ.யைப் பார்த்து எல்லோர் முன்னாலும் "உனக்கு எப்படிம்மா இருக்கு, சொல்லு" என்று கேட்காதீர்கள். நாம் பேசப்போவது வேலையைப் பற்றி. மனசு பற்றி யாராவது தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம், பிடுங்கிக் கேட்க மாட்டோம்.

சரி, இதனால் குழந்தைகள் கூடுதலாகப் பிழைக்கிறார்களா? பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் ஒவ்வொரு அரெஸ்ட்டுக்கும் (இதயம் நின்றுபோவது) பிறகு சில வாரங்களுக்குள் எல்லாத் துறையினரும் கூடி, மானிட்டர் பதிவுகளை வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். மூளைப் பாதிப்பு பெரிதாக இல்லாமல் பிழைத்த குழந்தைகள் 29 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் கூடியதாக 2014இல் எழுதினார்கள். எல்லோரும் குதித்தோம். பிறகு அமெரிக்காவில் 18 ஐ.சி.யு.க்களைச் சேர்த்து, படுக்கையருகே சி.பி.ஆர். பயிற்சியும் இந்த மாதிரிக் கூட்டங்களும் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வு நடந்து 2022இல் முடிவு வந்தது: அப்படிப் பிழைத்தவர்கள் இவை இருந்தபோது 53.8 சதவீதம், இல்லாதபோது 52.4, அதாவது வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே "இதைச் செய்தால் உயிர் பிழைக்கும்" என்று யாரிடமும் விற்காதீர்கள். நான் செய்வதற்குக் காரணம் வேறு. நம் டிராலியில் என்ன இல்லை, எந்தக் கதவு திறக்காது, யார் குரல் யாருக்குக் கேட்கவில்லை என்பது அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் அங்கே நின்றவர்களுக்கு மட்டுமே தெரியும். ஷிப்ட் மாறினால் அது அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும்.

எந்த கேஸுக்கு என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள்

"தேவைப்பட்டால் கூடுவோம்" என்று விட்டால், குழந்தை இறந்தால் மட்டும்தான் கூடுவோம். அப்புறம் டீப்ரீஃபிங் என்ற சொல்லுக்கே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம் வந்துவிடும். அதனால் ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்களுடையதில் இருந்தவை: அரெஸ்ட், மூச்சுக்குழாயில் டியூப் போட்ட ஒவ்வொரு கேஸும், எலும்புக்குள் ஊசி போட்டது, ரெட் ஸோனில் இறப்பு, மருந்து அளவு தவறவிருந்து கடைசி நொடியில் யாரோ பிடித்தது, அடித்துத் துன்புறுத்தப்பட்ட குழந்தை, ஒரே விபத்தில் மூன்று குழந்தைகளுக்கு மேல், உறவினர் கைநீட்டிய சம்பவம். டியூப் போட்ட கேஸ் எல்லாமே என்று வைத்ததில் ஒரு லாபம், நன்றாக முடிந்தவையும் தானாகவே உள்ளே வந்துவிடும்.

பட்டியலில் இல்லாவிட்டாலும் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒரு வரி சேருங்கள். யார் வேண்டுமானாலும் என்றால் சி.ஆர்.ஐ.யும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணனும்தான்.

பெற்றோர் முதலில்

குழந்தை பிழைத்து ஐ.சி.யு.வுக்குப் போனால், ஒப்படைத்துவிட்டு வந்த கையோடு கூடலாம். இறந்துவிட்டால் முதல் வேலை பெற்றோர்தான். மூத்த டாக்டர் போய் உட்கார்ந்து, "இறந்துவிட்டது" என்ற சொல்லை விழுங்காமல் சொல்லி, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லி, யாராவது ஒருவரை அவர்களோடு விட்டுவிட்டு வந்த பிறகுதான் நம் கூட்டம்.

நேரம் சொன்ன அந்த இடத்திலேயே அரை நிமிடம் அமைதியாக நிற்பது ஒரு நல்ல பழக்கம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஜோனதன் பார்டெல்ஸ் என்பவர் ஆரம்பித்து வைத்தது, இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். பெரிய சடங்கு ஒன்றும் வேண்டாம். "ஒரு நிமிஷம் எல்லாரும் நிப்போம். இது ஒரு வீட்டோட குழந்தை. நாம எல்லாரும் முடிஞ்சதைச் செஞ்சோம்" என்று ஒருவர் சொன்னால் போதும். சாமி பெயர் எதுவும் வேண்டாம், அங்கே நிற்பவர்கள் பல மதத்தினர். முதல் தடவை செய்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு சிஸ்டர் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தார், அதற்குப் பிறகு கூச்சப்படவில்லை.

எங்கே, யார், எவ்வளவு நேரம்

நம் ரெட் ஸோன்களில் திரைக்கு அந்தப் பக்கம்தான் அம்மா உட்கார்ந்திருப்பார். "டியூப் லேட்" என்ற இரண்டு சொல் காதில் விழுந்தால் போதும், மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அதனால் கதவு சாத்துகிற ஓர் இடம் வேண்டும். மருந்து ஸ்டோர், பிளாஸ்டர் ரூம், நர்ஸ்கள் உடை மாற்றும் அறை, எது காலியோ அது. டீக்கடை கூடாது, லிஃப்ட் கூடாது. நின்றுகொண்டே பேசுங்கள். உட்கார்ந்தால் பத்து நிமிடம் நாற்பதாகிவிடும், நாற்பதானால் அடுத்த முறை யாரும் தலைகாட்ட மாட்டார்கள்.

அந்தக் குழந்தையைத் தொட்ட எல்லோரும் வரவேண்டும்: ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டி வந்தவர், லேபுக்கு ஓடியவர், வாசலில் கூட்டத்தைத் தடுத்த செக்யூரிட்டி, 108 ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளர் (இ.எம்.டி.) இன்னும் கிளம்பாமல் இருந்தால் அவரும். ஒருவர் மட்டும் ஸோனில் நிற்கட்டும், அவரிடம் பிறகு தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

நடத்துவது யார் என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். கோடு நடத்திய டாக்டர் இதையும் நடத்தக்கூடாது. அவர் எடுத்த முடிவுகளைப் பற்றித்தான் பேச்சே, அவரே நாட்டாமையாக உட்கார்ந்தால் எப்படி? கனடாவின் கால்கரியில் பொறுப்பு நர்ஸ்களுக்குச் சின்னப் பயிற்சி கொடுத்து, கையில் ஓர் அட்டையையும் கொடுத்து அவர்களையே நடத்தச் சொன்னார்கள், அது ஓடியது. நம் ஊரில் சிஸ்டர் கேள்வி கேட்க, அசிஸ்டென்ட் பதில் சொல்வதா என்று முதல் மாதம் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எங்கள் யூனிட்டில் சிஸ்டர் இன்சார்ஜ் நடத்திய கூட்டங்களில் வந்த விஷயங்களில் பாதிகூட நான் நடத்தியவற்றில் வந்ததில்லை.

ஆரம்பிக்கும் சொற்கள்

மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அட்டையில் எழுதி டிராலியில் தொங்கவிடுங்கள். களைத்துப்போன நேரத்தில் நல்ல வார்த்தை தானாக வராது.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி. பத்தே நிமிஷம். யாரையும் விசாரிக்க இல்ல, அடுத்த குழந்தைக்கு எதைச் சரி பண்ணலாம்னு பார்க்க. இங்க பேசறது இந்த ரூமோட. பேச வேணாம்னு இருந்தா சும்மா நின்னு கேட்டாலும் போதும். முதல்ல, யாருக்காவது அடி, ஊசி குத்தல் இருக்கா?"

கடைசிக் கேள்வி ஒப்புக்கு இல்லை. கோடு நடக்கும்போது ஊசி குத்தினால் அப்போது உறைக்காது, உறைத்தாலும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஒரு தடவை இந்தக் கேள்விக்குத்தான் ஒரு பி.ஜி. தயங்கித் தயங்கிக் கையுறையைக் கழற்றிக் காட்டினார். தண்ணீர் குடிக்க வேண்டியவர்கள் குடிக்கட்டும். அப்புறம் ஆரம்பியுங்கள்.

என்ன நடந்தது: ஒரு நிமிடம்

நேரம் குறித்துக்கொண்டிருந்தவர் காகிதத்தைப் பார்த்து வாசிக்கட்டும். 2.08க்கு வந்தது, 2.10க்கு நாடி இல்லை, 2.14க்கு முதல் அட்ரினலின், 2.19க்கு டியூப். கருத்து வேண்டாம், நேரமும் செயலும் மட்டும். நேரம் குறிக்க ஆளே போடவில்லையா? அன்றைய முதல் பாடம் அதுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு நிமிடம் வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவருக்கு டியூபை ஏன் எடுத்து மறுபடி போட்டார்கள் என்று தெரியாது. மருந்து கலக்கியவருக்கு மானிட்டர் தெரியாது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுக் கதைதான் இருக்கிறது, வீட்டுக்குப் போய் மீதியைத் தூக்கம் வராமல் தானே கற்பனை செய்துகொள்வார்கள். "நான் சரியா அழுத்தலையோ" என்று ஒரு வாரம் உழன்ற பையனை எனக்குத் தெரியும். குழந்தை வந்தபோதே கண்மணி விரிந்து அசைவற்று இருந்தது என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எது நன்றாக நடந்தது

"எல்லாரும் சூப்பரா பண்ணீங்க" என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். அதில் கற்க ஒன்றுமில்லை. "குழந்தையை மேசையில போட்டதுமே சிஸ்டர் நீளத்தை வெச்சு எடை காட்டற அளவு டேப்பை விரிச்சு பத்து கிலோன்னு சத்தமா சொன்னாங்க, அதனால யாரும் எடைக்காக நிக்கல" என்று சொன்னால் நாளை வேறொரு சிஸ்டரும் அதைச் செய்வார். ஆள், செயல், அதனால் என்ன ஆனது. மூன்றும் வரவேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

எது இடித்தது: இங்கேதான் வேலையே

கேள்வியைப் பொருள் பக்கம் திருப்புங்கள், ஆள் பக்கம் வேண்டாம். நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம்.

நமக்கு வரும் அட்ரினலின் ஆம்பூல் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். குழந்தை அரெஸ்ட்டில் கொடுக்க வேண்டியது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. அதனால் அந்த ஒரு மில்லியோடு ஒன்பது மில்லி சலைன் சேர்த்துப் பத்தாக்கி, அதிலிருந்து கிலோவுக்கு 0.1 மில்லி கொடுக்கிறோம். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு மில்லி. கலக்காத மருந்தில் அதே ஒரு மில்லியைக் கொடுத்தால் பத்து மடங்கு. அன்றைக்கு டிரேயில் இரண்டு சிரிஞ்ச், இரண்டிலும் லேபிள் இல்லை, ஒன்று கலக்கியது, ஒன்று கலக்காதது. கலக்கிய சிஸ்டர் சளி உறிஞ்சும் சக்ஷனுக்குப் போய்விட்டார். எது எது என்று தெரியாமல் இரண்டையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கியதில் ஒன்றரை நிமிடம் போனது.

"ஏன் லேபிள் ஒட்டல?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? "சாரி சார்." கதை முடிந்தது, அடுத்த மாதம் அதே நடக்கும். அன்று நடத்திய சிஸ்டர் இன்சார்ஜ் கேட்டது, "லேபிள் ஒட்ட எது தடையா இருந்துச்சு?" பதில்: பிளாஸ்டரும் மார்க்கரும் நர்சிங் ஸ்டேஷன் மேசை டிராயரில், சாவி வேறு ஷிப்ட் சிஸ்டரிடம். ஒரு மார்க்கரை நூலில் கட்டி டிராலியில் தொங்கவிட்டார்கள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டர் ரோல். செலவு ஐம்பது ரூபாய்க்குள்.

எல்லாமே இப்படி எளிதாக இருக்காது. சில நேரம் ஒருவர் எடுத்த முடிவைப் பற்றியே பேசியாக வேண்டும். அப்போது பூசி மெழுகவும் கூடாது, பொறியில் மாட்டுவது மாதிரியான கேள்வியும் கூடாது ("பேக்-மாஸ்க் பண்ணியிருக்கலாம்னு உங்களுக்குத் தோணலையா?" என்பது கேள்வியே இல்லை, குட்டு; பேக்-மாஸ்க் என்றால் முகத்தில் மாஸ்க் வைத்துப் பையை அமுக்கி மூச்சு கொடுப்பது). நீங்கள் பார்த்தது, உங்களுக்குத் தோன்றியது, அவர் மனத்தில் ஓடியது, இந்த வரிசையில் போங்கள்: "மூணு தடவை டியூப் முயற்சி நடந்துச்சு, நடுவுல ஆக்சிஜன் சாச்சுரேஷன் எழுபதுக்கு இறங்கிச்சு. ரெண்டாவதுக்கு அப்புறம் பேக்-மாஸ்க்லயே இருந்திருக்கலாமோன்னு எனக்கு ஒரு எண்ணம். அப்ப உங்களுக்கு என்ன ஓடிச்சு?" ஒரு தடவை இதற்கு வந்த பதில், "மாஸ்க் சைஸ் சரியா உக்காரல மேடம், காத்து எல்லாம் வெளியே போச்சு, அதான் டியூபே பரவாயில்லன்னு நினைச்சேன்." பார்த்தீர்களா, முடிவு தப்பு என்று நினைத்துப் போனால் அடியில் கிடந்தது ஒரு மாஸ்க். கைக்குழந்தை சைஸ் தீர்ந்து மூன்று வாரமாகியிருந்தது.

பேசும் வரிசை முக்கியம். இளையவர் முதலில், சீஃப் கடைசியில். நம் ஆஸ்பத்திரிகளில் "சார்" ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் அதற்கு மேல் வேறு கருத்து கிடையாது, எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நான் முதலில் நடத்திய நாலைந்து கூட்டங்களில் நானே எட்டு நிமிடம் பேசியிருக்கிறேன். வகுப்பு எடுத்திருக்கிறேன் என்று சொல்வது இன்னும் சரி. ஒரே ஒரு விதிவிலக்கு: மூத்தவர் தன் தவறு ஒன்றை முதலில் சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லட்டும். "நான் ரெண்டு நிமிஷம் சர்க்கரை பார்க்கச் சொல்லவே மறந்துட்டேன்" என்று ஒரு அசிஸ்டென்ட் சொன்ன பிறகு அந்த அறையில் வாய்கள் திறந்த வேகம் இருக்கிறதே!

கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். ஆறாவது ஏழாவதில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளைப் பார்க்கப் போனபோது, நல்ல குழுக்களில் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் இல்லை, சொல்ல பயப்படாததால் என்ற முடிவுக்கு வந்தார். உங்கள் யூனிட்டில் ஆறு மாதமாக ஒரு தவறும் வெளியே வரவில்லை என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பேச்சு தடம் மாறினால்

யாராவது விரல் நீட்டினால்: "அதை நாம தனியா பேசுவோம், இப்ப அந்த இடத்துல எது கைக்கு எட்டலன்னு பார்ப்போம்." யாராவது அழுதால் கூட்டத்தை நிறுத்த வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கட்டும், வெளியே போக விரும்பினால் கூட ஒருவர் போகட்டும். பழைய பகை ஒன்றை (லேப் எப்போதுமே லேட், பிளட் பேங்க் எப்போதுமே இப்படித்தான்) யாராவது அவிழ்த்தால், நோட்டில் எழுதிவிட்டு நகருங்கள், இல்லையென்றால் விடிந்துவிடும்.

குழந்தைக்கு உண்மையிலேயே தீங்கு செய்த தவறு ஒன்று நடந்திருந்தால் அதை இந்தப் பத்து நிமிடத்தில் தீர்க்கப் பார்க்காதீர்கள். சீஃபிடம் சொல்லி, மருத்துவமனையின் சம்பவ அறிக்கை வழியாகப் போக வேண்டும், பெற்றோருக்கும் மூத்தவர்கள் சொல்லியாக வேண்டும். கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்த நேரத்தோடு எழுதுங்கள். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால் சேர்த்த நேரத்தையும் குறியுங்கள், எதையும் அடித்துத் திருத்தாதீர்கள். டீப்ரீஃபிங்கில் பேசியது கேஸ் ஷீட்டுக்குள் போகக்கூடாது.

எழுதுவது, பின்தொடர்வது

ஒரு நோட்டு. தேதி, நேரம், என்ன வகை கேஸ், எது நன்றாக இருந்தது, எது இடித்தது, யார் எதை எப்போதுக்குள் சரி செய்வார். குழந்தை பெயரோ தவறு செய்தவர் பெயரோ வேண்டாம். போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போடவே கூடாது, எந்த குரூப்பாக இருந்தாலும். குரலைப் பதிவு செய்வதும் வேண்டாம், போனைப் பார்த்தாலே வாய் மூடிக்கொள்ளும்.

ஒரு கூட்டத்துக்கு இரண்டு வேலைக்கு மேல் எடுக்காதீர்கள். பத்து எழுதினால் பத்தும் நடக்காது. "எலும்புக்குள்ள போடற ஐ.ஓ. ஊசி வாங்கணும்" என்பது வேலை இல்லை, ஆசை. "கைக்குழந்தை சைஸ் மாஸ்க் ரெண்டுக்கு நாளைக்குக் காலை இண்டென்ட், போடறது ஸ்டாஃப் இன்சார்ஜ், வெள்ளிக்கிழமை ஸ்டோர்ல கேட்கறது பி.ஜி." என்பது வேலை. நடந்ததும் ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் அறிவியுங்கள், "அன்னிக்கு நீங்க சொன்ன மாஸ்க் வந்துடுச்சு" என்று. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றும், யாரிடம் நிற்கிறது என்றும் சொல்லுங்கள். சொன்னது எங்கே போனதென்றே தெரியாமல் இருந்தால் மூன்றாவது தடவை யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான யூனிட்டுகளில் டீப்ரீஃபிங் செத்துப்போகிறது, கேள்வி கேட்கத் தெரியாததால் இல்லை.

பெரிய கேஸ்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள், இந்த முறை நாற்காலி போட்டு, மானிட்டர், டீஃபிப் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பதிவு, ஐ.சி.யு.வில் பிறகு என்ன ஆனது எல்லாம் வைத்து. நடந்த சூட்டில் தெரியாதது பலதும் இதில் தெரியும். ஐ.சி.யு.விலிருந்து ஒரு தகவல் வாங்கி வந்து சொன்னால்கூடப் போதும்: அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்குக் குழந்தை நடந்து வீட்டுக்குப் போனதா என்று யாரும் சொல்வதே இல்லை.

அன்றிரவுக்குப் பிறகு

தன் கையால் பார்த்த நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் டாக்டரும் ஒருவகையில் அடிபட்டவர்தான் என்று ஆல்பர்ட் வூ 2000இல் எழுதினார், "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்று பெயரும் வைத்தார். நர்ஸுக்கும் அதேதான். கூட்டத்தில் யாரைக் கவனிக்க வேண்டும் என்றால், அழுகிறவரைவிட அதிகமாக ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்தவரை. முதல் இறப்பைப் பார்த்த சி.ஆர்.ஐ.யை. வீட்டில் அதே வயதில் குழந்தை இருக்கிற சிஸ்டரை. அன்று காலை அவர்கள் தனியாக டூவீலரில் போகவேண்டாம், யாராவது கொண்டுபோய் விடுங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு போன்: "சாப்பிட்டியா, தூங்கினியா?" அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, பேச வேண்டுமென்றால் அவர்களே பேசுவார்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, ரெட் ஸோன் டியூட்டி என்றாலே மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

எப்படித் தொடங்குவது

பெயர் பெற்ற படிவங்கள் பல உண்டு. எடின்பரோவில் ஸ்டாப் 5 என்று ஐந்து நிமிடத்துக்கு ஓர் அட்டை, ஹூஸ்டனில் டெக்சஸ் குழந்தைகள் மருத்துவமனையில் டிசெர்ன் என்று ஒரு படிவம். எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான், தேர்ந்தெடுப்பதிலேயே இரண்டு மாதம் கழிக்காதீர்கள். தமிழில் எழுதிய ஒரு பக்க அட்டையே மேல், வார்டு உதவியாளரும் படிக்க முடியும்.

முதல் தடவையை இறப்பில் ஆரம்பிக்க வேண்டாம். வலிப்போடு வந்து, வலிப்பு நின்று, சிரித்துக்கொண்டு வார்டுக்குப் போன ஒரு குழந்தையில் ஆரம்பியுங்கள். பொம்மையை வைத்து நடக்கும் பயிற்சி கோடுகளுக்குப் பிறகும் இதே அட்டையைப் பிடித்துப் பழகுங்கள். நடுவில் அடுத்த சிவப்பு கேஸ் வந்தால் அப்படியே விட்டுவிட்டு ஓடுங்கள், ஷிப்ட் முடிவில் மூன்று நிமிடம் கிடைத்தால் தொடரலாம், கிடைக்கவில்லையென்றால் அடுத்த நாள் போனில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி.

யாருமே வரவில்லையா? அதுவும் நடக்கும், முதல் மாதம் அநேகமாக நடக்கும். கை கழுவும் இடத்தில் நீங்களும் சிஸ்டரும் மட்டும் நின்று "எது நல்லா போச்சு, எது இடிச்சுது, நாளைக்கு எதை மாத்தலாம்" என்று பேசிவிட்டு, அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டின் முதல் நான்கு பக்கங்களில் இரண்டே இரண்டு பேர் கையெழுத்துதான் இருக்கிறது.